மறு: ஓவர்ரன் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஐஸ்கிரீம் கலவையில் காற்று புகுந்து கன அளவு எவ்வளவு கூடியது என்பதை ஆங்கிலத்தில் ‘ஓவர்ரன்’ என்கிறார்கள். ஜெலாட்டோ (இத்தாலிய வகை ஐஸ்கிரீம்) பற்றிய நம் கட்டுரைக்காக அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இதோ.

> ‘மீறோட்டம்’ என்று வைக்கலாமா?

வேண்டாமே. இதைப் படித்தால் ஐஸ்கிரீம் உருகி ஓடுவதுதான் நினைவுக்கு வரும்.

> ‘காற்றேற்றம்’ எளிதாகப் புரிகிறதே?

புரிகிறது. ஆனால் அது செயலின் பெயர். நமக்கு வேண்டியது அளவின் பெயர். பாலும் சர்க்கரையும் சேர்ந்த கலவையை உறையவைத்துக்கொண்டே கடையும்போது காற்று புகுந்து கன அளவு கூடுகிறது. எவ்வளவு கூடியது என்பதே ஓவர்ரன். 1 லிட்டர் கலவை 2 லிட்டர் ஐஸ்கிரீம் ஆனால் 100%. 1.25 லிட்டர் ஆனால் 25%.

ஜெலாட்டோ கட்டுரையில் இந்த அளவைச் சொல்லாமல் நகரவே முடியாது. ஆலையில் செய்யும் ஐஸ்கிரீமில் இது 100% வரை போகும். ஜெலாட்டோவை மெதுவாகக் கடைவதால் பெரும்பாலும் 20 முதல் 35 வரைதான். ஜெலாட்டோவின் அடர்த்தி அங்கிருந்து வருகிறது. கிரீமைக் குறைத்துப் பாலைக் கூட்டுவதால் கொழுப்பும் 4 முதல் 9% அளவில் நின்றுவிடும். பரிமாறுவதோ மைனஸ் 12 டிகிரியை ஒட்டி. ஐஸ்கிரீமை வைத்திருப்பது மைனஸ் 18-இல். நாக்கு அவ்வளவாக மரத்துப்போகாது, கொழுப்பும் சுவையை மூடாது. பிஸ்தா பிஸ்தாவாகவே தெரிகிறது. (அதற்காகப் பச்சைப்பசேல் என்று இருக்கும் பிஸ்தாவை நம்பிவிடாதீர்கள், அது பெரும்பாலும் சாயம்.)

இத்தாலியில் வீட்டுக்கு ஜெலாட்டோ வாங்கினால் கிலோக் கணக்கில் நிறுத்துத் தருவது வழக்கம். காற்றை நிறுத்து விற்க முடியாது அல்லவா! நாம் ஐஸ்கிரீம் வாங்குவது லிட்டரில். அதனால்தான் லிட்டருக்குக் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்று இந்திய உணவுத் தர விதி சொல்கிறது. காற்று கூடக் கூட லிட்டரின் எடை குறையும். எனவே கணக்குப் போட்டால், ஓவர்ரனுக்கு வைத்த உச்சவரம்புதான் அது.

சரி, என் பரிந்துரை: ‘உபரி’. உளுந்து ஆட்டும்போது “நல்லா உபரி காணுது” என்பார்களே, அதே உபரி. அங்கேயும் அரைக்க அரைக்கக் காற்று சேர்ந்துதான் மாவு பொங்குகிறது. ‘ஜெலாட்டோவின் உபரி 25%’ என்று எழுதினால் சமையலறை தெரிந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. அடித்த கிரீமுக்கும் இதே சொல் பொருந்தும் என்பதால் பனி, குளிர் என்று எதையும் முன்னால் ஒட்ட வேண்டாம். ‘காற்றுபரி’ என்று சேர்த்தால் யாராவது காற்றுக் குதிரை என்று பிரித்துவிடுவார்கள்.

> உபரி வடசொல். ‘மிகை’ போதாதா?

‘மிகை 25%’ என்றால் தேவைக்கு மேல் போய்விட்டது என்ற குறை தொனிக்கிறது. இங்கே அந்த 25% வேண்டுமென்றே சேர்ப்பது. காற்றே இல்லாவிட்டால் கரண்டி இறங்காது. உளுந்தோடு புழங்கிய சொல்லை வடசொல் என்று விலக்க எனக்கு மனம் வரவில்லை.

> ஜெலாட்டோவுக்கு ‘இத்தாலியப் பனிக்கூழ்’?

இத்தாலியர்கள் எல்லா ஐஸ்கிரீமையும் ஜெலாட்டோ என்றுதான் சொல்கிறார்கள். நாம் வேறுபாட்டைக் காட்டத்தானே தனிச்சொல் தேடுகிறோம்? பீட்சாவைப் போல இதையும் அப்படியே விட்டுவிடலாம்.

ஞாயிறுக்குள் வேறு மறுப்பு வராவிட்டால் ‘உபரி’ என்றே பதிந்துவிடுகிறேன். ‘காற்றேற்றம்’ வீணாகாது, கடையும்போது காற்று புகும் செயலுக்கு வைத்துக்கொள்வோம்.