இழை: 'அகாடமிக் மெடிக்கல் சென்டர்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1 (படிவ மொழிபெயர்ப்பு, சென்னை)

அனைவருக்கும் வணக்கம்.

மருந்துப் பரிசோதனைக்கான ஒப்புதல் படிவங்களில் 'அகாடமிக் மெடிக்கல் சென்டர்' அடிக்கடி வருகிறது. இதுவரை 'கல்விசார் மருத்துவ மையம்' என்று எழுதி ஒப்பேற்றி வந்தோம். இனியும் அப்படியே விட மனமில்லை.

படிவத்தைக் கையில் வாங்குகிறவர் காய்ச்சலோடும் கவலையோடும் உட்கார்ந்திருப்பார். 'கல்விசார்' என்றதும் பள்ளிப் பிள்ளைகளுக்கான மருத்துவமனை என்று நினைக்க இடமுண்டு. 'மையம்' என்றால் தெருமுனை ஸ்கேன் சென்டர்தான் நினைவுக்கு வரும். சொல்ல வேண்டியதோ வேறு: இங்கே உங்களுக்கு வைத்தியம் நடக்கும், உங்கள் கட்டில் பக்கத்தில் நின்றே மாணவர்கள் கற்பார்கள், நீங்கள் சம்மதித்தால் ஆய்வும் நடக்கும்.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, பரிசோதனையையும் இந்தப் படிவத்தையும் பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிக்குக் குறையாமல் வெளியார். ஒருவர் மருத்துவம் படிக்காத பொதுமனிதர். அந்தப் பொதுமனிதருக்கு ஒரே வாசிப்பில் புரியாத சொல் படிவத்துக்கு ஆகாது. சொல் சின்னதாக இருக்க வேண்டும், வேற்றுமை உருபு ஏற்க வேண்டும், நோயாளியை மிரட்டக் கூடாது. பரிந்துரை தாருங்கள்.

மடல் 2 (யாழ்ப்பாணம்)

வணக்கம். எங்களிடம் இதற்குச் சொல் இருக்கிறதே. 'போதனா வைத்தியசாலை' என்று வாசற் பலகையிலேயே எழுதியிருக்கிறது. சனம் 'பெரியாஸ்பத்திரி' என்றுதான் சொல்லும், ஆனால் கடிதம், கிளினிக் கொப்பி, இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் போதனா வைத்தியசாலைதான்.

மருத்துவத் தமிழ் எங்கள் பக்கம் புதிதும் இல்லை. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் மானிப்பாயில் மாணவர்களைப் பயிற்றினார். 1860களில் பாடத்தைத் தமிழுக்கே மாற்றினார். அவருடைய ஆக்கங்களில் அறுவைச் சிகிச்சை 'இரண வைத்தியம்', வேதியியல் 'கெமிஸ்தம்'. முதலாவது பார்த்தவுடன் விளங்குகிறது. இரண்டாவது ஒலியை மட்டும் தமிழாக்கியது, அதனால் நிலைக்கவில்லை. புதுச்சொல் ஆக்கும்போது இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள்.

மடல் 3 (பொது மருத்துவப் பேராசிரியர், மதுரை)

போதனா வைத்தியசாலை நல்ல சொல். இலங்கையில் அதை மாற்றச் சொல்ல நமக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் இரண்டு தடை. தமிழ்நாட்டில் 'போதனை' என்றால் காதில் விழுவது மதபோதனை. அதைவிடப் பெரிய தடை, அது 'டீச்சிங் ஹாஸ்பிட்டல்' என்பதற்கு நேர்ச்சொல். ஆராய்ச்சி அதற்குள் இல்லை.

நாம் தேடும் சொல்லின் ஊர் அமெரிக்கா. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறந்தது, அதன் மருத்துவப் பள்ளி 1893இல். மாணவனை விரிவுரை அரங்கிலிருந்து எழுப்பி வார்டுக்கு நடக்கவைத்தார் அங்கே மருத்துவப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஆஸ்லர். பட்டம் முடித்தவர்கள் மருத்துவமனையிலேயே தங்கி ஆண்டுக்கணக்கில் பொறுப்பேற்றுக் கற்கும் முறையும் அங்கேதான் உருப்பெற்றது. 'ரெசிடென்ட்' என்ற பெயர் அந்தத் தங்கலிலிருந்து வந்தது. 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னரின் அறிக்கை, ஆய்வகமும் நோயாளிகளும் இல்லாத மருத்துவப் பள்ளிகளைக் கடுமையாகச் சாடி இந்த மாதிரியைத்தான் முன்னே நிறுத்தியது.

'பல்கலை மருத்துவமனை' என்று யாராவது சொல்வதற்கு முன் நானே மறுத்துவிடுகிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு மருத்துவமனைகூட இல்லை. மாசசூசெட்ஸ் ஜெனரல் உட்பட எல்லாம் இணைப்பு பெற்றவைதான். நம் ஊரிலும் பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், கட்டில், ஆள், சம்பளம் எல்லாம் அரசின் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம். 'பல்கலை' என்று பெயரிட்டால் புகார் மனு தவறான முகவரிக்குப் போகும்.

எல்லைக்கல்லையும் இங்கேயே நட்டுவிடலாம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 193 நோயாளிகளை வைத்து, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவதும் சானட்டோரியத்தில் படுத்துக்கிடப்பதும் பலனில் ஏறத்தாழச் சமம் என்று 1959இல் காட்டியது. உலகின் காசநோய் வைத்தியத்தையே மாற்றிய வேலை. ஆனாலும் அது நம் வகைக்குள் வராது, அங்கே மருத்துவக் கல்லூரி இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையும் வராது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) வரும்: 1900இல் ஒரே படுக்கையோடு தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, 1948இல் தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சைக்கு வந்தது. அந்தக் கையைச் சரிசெய்ததும், அந்த முறையைக் கண்டறிந்ததும், அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் ஒரே இடத்தில் நடந்தன.

மடல் 4 (மருத்துவ ஆய்வகம், கோவை)

மூன்றும் ஒரே இடத்தில் என்பதோடு நிற்க வேண்டாம். மூன்றும் ஒரே குழாயில் நடக்கின்றன. சொல் ஆக்குகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு ஆக்கட்டும்.

காலை 6 மணிக்கு ஹவுஸ் சர்ஜன் இரத்தம் எடுக்கிறார். கைப்பட்டையில் பெயர், பதிவெண் இரண்டையும் நர்ஸ் சரிபார்க்கிறார். லேபிள் கட்டில் பக்கத்திலேயே ஒட்டப்பட வேண்டும். ஆறு பேருக்கு எடுத்துவிட்டு மேசைக்கு வந்து ஒட்டினால் என்றாவது ஒருநாள் மாறியே தீரும். குத்து ஒன்றுதான், குழாய் மூன்று: முதலில் நீல மூடி, பிறகு சிவப்பு, கடைசியில் ஊதா. வரிசையை மாற்றி ஊதாவுக்குப் பிறகு சிவப்பை எடுத்தால், ஊதாக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் பொட்டாசியம் ஈடிடிஏ என்ற உப்பு ஊசிவழியே சிவப்பில் ஏறும். பொட்டாசியம் பொய்யாக உயரும், கால்சியம் பொய்யாக இறங்கும். இல்லாத நோய்க்கு மருந்து போகும். நீலக் குழாயில் 9 பங்கு இரத்தத்துக்கு உறைவைத் தடுக்கும் சிட்ரேட் கரைசல் 1 பங்கு என்பது கணக்கு. கோடுவரை நிரப்பாமல் விட்டால் உறையும் நேரம் உண்மையைவிட நீண்டு காட்டும். புதிதாக வந்தவர்கள் அதிகம் தவறுவது இந்த இரண்டு இடங்களில்தான்.

சிவப்புக் குழாய் 30 நிமிடம் உறைய வேண்டும், பிறகு சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழற்றும் இயந்திரத்தில் 10 நிமிடம். வார்டிலேயே கிடந்து தாமதமானால் இரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சோதனை முடிந்து மிஞ்சும் சீரத்தை (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்), நோயாளியின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருந்தால், அரை மில்லி அரை மில்லியாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறோம். சின்னச் சின்னதாகப் பிரிப்பதற்குக் காரணம், உருக்கி மீண்டும் உறையவைத்தால் பல புரதங்கள் கெடும். ஒரு குப்பியை ஒரே தடவைதான் உருக்க வேண்டும்.

அதனால் காலை 6 மணிக்குப் பயிற்சியில் நடந்த பிழை, 10 மணிக்கு வைத்தியத்தைக் கெடுக்கிறது, இரண்டு வருடம் கழித்து ஆய்வையும் கெடுக்கிறது. 'கல்வி', 'ஆய்வு' என்று தனித்தனிக் கட்டடம்போல ஒலிக்கும் சொல் வேண்டாம்.

மடல் 5 (தமிழ்த்துறை, திருச்சி)

ஆய்வக நண்பரின் மடலுக்குப் பிறகு நான் எழுதிவைத்திருந்த பாதிப் பட்டியலை அடித்துவிட்டேன். மிஞ்சியவை:

'பயிற்சி மருத்துவமனை'. எளிமை, ஆனால் கூடாது. 'பயிற்சி மருத்துவர்' என்பது வழக்கில் கற்றுக்குட்டி டாக்டர் என்று ஆகிவிட்டது. "என் மேல் பழகிப் பார்க்கிறார்களா?" என்று நோயாளி கேட்பார்.

'பயிலாய்வு மருத்துவமனை' (பயில் + ஆய்வு). முதலில் எனக்கு மிகப் பிடித்தது. மூன்றாவது கூறான வைத்தியத்தை 'மருத்துவமனை' என்ற சொல்லே சுமந்துவிடுகிறது. ஆனால் உரக்கப் படித்துப் பார்த்தேன். கண் 'பயிலா' என்று பிரித்து நிற்கிறது. பயிலா என்றால் கற்காத. ஒரு கல்வி நிலையத்தின் பெயர் இப்படித் தொடங்க முடியாது.

'கல்வியாய்வு மருத்துவமனை' என்றால் கல்வியைப் பற்றிய ஆய்வு என்றே பொருள்படும்.

'முப்பணி மருத்துவமனை'. மூன்று + பணி. முப்பால், முப்படை போல நம் நாக்குக்குப் பழகிய வார்ப்பு. என்னென்ன மூன்று என்று ஒரு முறை சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் ஒரே பெயருக்குள் மூன்றும் பிரியாமல் நிற்கின்றன. என் வாக்கு இதற்கு.

மடல் 6 (நர்சிங் கண்காணிப்பாளர், வேலூர் மாவட்டம்)

ஐயா, 'முப்பணி' என்று படித்ததும் எனக்குத் தோன்றியது மூன்று ஷிஃப்ட்: காலை, மாலை, இரவு. வார்டில் பத்து நர்ஸ்களிடம் கேட்டால் எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள். பணி என்றால் எங்களுக்கு டூட்டி.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இதுவரை வந்த மடல்களில் நோயாளி இருக்கிறார், மாணவர் இருக்கிறார், ஆய்வு இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் எங்கே? அமெரிக்காவில் 2003இல் ரெசிடென்ட்களுக்கு வாரம் 80 மணி நேரம் (நான்கு வாரச் சராசரி) என்று வரம்பு வந்தது. தூக்கம் கிடைத்தது, நல்லது. ஆனால் நேரம் குறைந்தால் ஆள் மாறுவது கூடும், ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் நோயாளியின் சேதி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக வேண்டும். போகிற வழியில் சிந்தும். "கிரியாட்டினின் ரிப்போர்ட் வரணும்" (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை) என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வந்தபின் எவ்வளவு இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். இரவு 2 மணிக்கு அந்த எண் வரும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது.

அதற்கு ஐந்து படி வகுத்தார்கள், ஐ-பாஸ் என்று பெயர்: நோயாளி எவ்வளவு மோசம், சுருக்கமான வரலாறு, செய்ய வேண்டியவை, 'இப்படி ஆனால் இதைச் செய்' என்ற முன்னேற்பாடு, கடைசியாக, கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்வது. குழந்தைகள் மருத்துவப் பயிற்சி நடக்கும் 9 மருத்துவமனைகளில், 10,740 உள்நோயாளிச் சேர்க்கைகளில் பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது: மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய கேடுகள் 30 சதவீதமும் குறைந்தன. ஐந்தாவது படியைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால், சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வழியே இல்லை.

பணியாளரின் களைப்பு ஆய்வுக் கேள்வியானது, ஆய்வு பாடமானது, பாடம் நோயாளியைக் காத்தது. இந்த வகை மருத்துவமனையை நான் மதிப்பது இதற்காக. சொல்லில் நாங்களும் இருக்க வேண்டும்.

(இந்த 'ஹேண்ட் ஓவர்' என்பதற்கு 'கைமாற்று' என்று யாரும் எழுதிவிடாதீர்கள். கைமாற்று என்றால் வட்டியில்லாக் கடன். 'நோயாளிப் பொறுப்பு ஒப்படைப்பு' என்று வேறு இழையில் பேசலாம்.)

மடல் 7 (தமிழ்த்துறை, திருச்சி)

ஷிஃப்ட் தடை நியாயமானது. மாற்று தேடினேன். 'முந்நோக்கு': எழுத்தில் சரி, பேச்சில் 'முன்னோக்கு' ஆகிவிடும். 'மும்முனை': தேர்தல் போட்டி. 'முத்தொழில்': படைத்தல், காத்தல், அழித்தல் என்று சைவம் சொல்லிவைத்திருக்கிறது, மூன்றாவதை மருத்துவமனை வாசலில் எழுத முடியாது.

திரும்ப 'முப்பணி'க்கே வருகிறேன். ஷிஃப்டுக்கு ஆவணங்களில் ஏற்கெனவே 'பணிமுறை' இருக்கிறது, 'மூன்று பணிமுறை' என்று எழுதினால் குழப்பம் தீரும். பணியாளரைப் பற்றி அம்மா கேட்டதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. 'கல்விசார்', 'போதனா', 'பல்கலை' எல்லாம் நிறுவனத்தைப் பேசுகின்றன. 'பணி' ஒன்றுதான் செய்கிறவரைப் பேசுகிறது.

மடல் 8 (நர்சிங் கண்காணிப்பாளர்)

அப்படியானால் சம்மதம். ஆனால் படிவத்தில் முதல் முறை வரும்போது மூன்றையும் விரித்து எழுத வேண்டும். பெயரை மட்டும் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போகக் கூடாது.

மடல் 9 (மதுரை)

ஒரு திருத்தம். ஆங்கிலச் சொல் மருத்துவமனையோடு கல்லூரி, ஆய்வகம், நர்சிங் பள்ளி எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கிறது. 'நிலையம்' என்றால் ஆரம்ப சுகாதார நிலையம் நினைவுக்கு வரும். முழு அமைப்புக்கு 'முப்பணி மருத்துவ நிறுவனம்', நோயாளி படுத்திருக்கும் இடத்துக்கு 'முப்பணி மருத்துவமனை' என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மடல் 10 (யாழ்ப்பாணம்)

எங்களுக்கு இந்தப் பிரிப்பு நன்றாகப் பொருந்தும். இங்கே வைத்தியசாலை சுகாதார அமைச்சின் கீழ், 1978இல் தொடங்கிய மருத்துவ பீடம் பல்கலைக்கழகத்தின் கீழ், வைத்தியசாலைக்குள்ளேயே பேராசிரியர் பிரிவு தனி. பெயர்ப்பலகையில் போதனா வைத்தியசாலை இருக்கட்டும். வகையைச் சொல்லும்போது 'முப்பணி' என்று எழுதுகிறோம்.

மடல் 11 (சென்னை)

அனைவருக்கும் நன்றி. சொற்கோவைக்கான வரைவு:

முப்பணி மருத்துவமனை (பெயர்ச்சொல்): நோயாளிக்கு வைத்தியம், மருத்துவர் முதலிய பணியாளருக்குக் கல்வி, நோய் பற்றிய ஆய்வு ஆகிய மூன்றும் அதே நோயாளிகளிடத்தில், அதே பணியாளரால் நடக்கும் மருத்துவமனை. முழு அமைப்பு: முப்பணி மருத்துவ நிறுவனம். ஒப்புநோக்குக: போதனா வைத்தியசாலை (இலங்கை), மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (தமிழ்நாடு).

படிவத்தின் முதல் பத்தி இனி இப்படி வரும்:

"இது ஒரு முப்பணி மருத்துவமனை. இங்கே உங்களுக்கு வைத்தியம் செய்வதோடு, மருத்துவ மாணவர்களும் நர்சிங் மாணவர்களும் மூத்தவர்களின் மேற்பார்வையில் கற்கிறார்கள். நோய்களைப் பற்றிய ஆய்வும் நடக்கிறது. ஆய்வில் சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம். சேராவிட்டாலும் உங்கள் வைத்தியத்தில் எந்தக் குறையும் வராது."

'மேற்பார்வை' என்பதைவிட எளிய சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.