பட்டுத் துணியில் சுருக்குப்பை: நாடா மடிப்புக்கு யோசனை தேவை

வணக்கம். தங்கையின் வளைகாப்புக்கு வரும் பெண்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுப்பதற்காக, அம்மாவின் பழைய காஞ்சிபுரம் பட்டுப்புடவை ஒன்றை வெட்டிச் சுருக்குப்பைகள் தைத்து வருகிறேன். உடல் பகுதி 11ஆம் எண் ஊசியில் சுருக்கம் விழாமல் தைபடுகிறது. ஆனால் பல ஆண்டுகள் மடித்தே வைத்திருந்த இடங்களில் பட்டு இற்றுப்போயிருப்பதாலும், வெட்டிய முந்தானை ஓரத்தில் ஜரிகை இழை இழையாகப் பிரிந்து வருவதாலும், நாடா கோக்கும் மடிப்பில் தையல் நிற்கவில்லை. இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸைப் பின்புறம் கொடுத்தால் துணி உறுதிப்படுகிறது, ஆனால் பையின் வாய் விறைத்துக்கொண்டு சுருங்க மறுக்கிறது (சுருங்காத சுருக்குப்பையை யாருக்குக் கொடுப்பது!). மெல்லிய மல் துணியை லைனிங்காகச் சேர்த்துத் தைத்தால் போதுமா, அல்லது நாடாப் பட்டியை மட்டும் பருத்தித் துணியில் தனியாகத் தைத்து இணைப்பது நல்லதா என்பதைப் பட்டில் தைத்துப் பழகியவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். என்னிடம் இருப்பது காலால் மிதிக்கும் சாதாரணத் தையல் இயந்திரம் என்பதால், ஜரிகை ஓரத்துக்கு ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் தனி இயந்திரத்தில் போடும் தையல்) அல்லாத வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.