சொந்த கெர்னல் போட்டபின் போன் நெட்டும் கேமரா கார்டும் வரவில்லை

அம்பை ஸ்டுடியோ:
அம்பாசமுத்திரத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கடையில் இருப்பது பழைய பெட்டி, அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ். கொஞ்சம் வேகம் கூடுமே என்று கெர்னலை (லினக்ஸின் மையப் புரோகிராம்) சோர்ஸிலிருந்து நானே கம்பைல் செய்தேன். முழு கான்ஃபிக்கில் (கெர்னலில் எதெல்லாம் சேர வேண்டும் என்ற பட்டியல்) ராத்திரி போட்டது விடிந்தும் முடியவில்லை. அப்புறம் ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கொடுத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் என்டர் தட்டினேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்து நன்றாகவே பூட் ஆனது. கேபிள் நெட்டும் வந்தது.

நேற்றைய மழையில் கேபிள் லைன் போய்விட்டது. போனைச் சொருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் நெட் இல்லை. யூஎஸ்பியில் சொருகியதைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பியில் போன் பெயர் தெரிகிறது. நெட் இணைப்புகளைக் காட்டும் ‘ஐபி லிங்க்’கில் பழைய இரண்டு பெயர்தான். அதைவிடப் பெரிய தலைவலி, கல்லிடைக்குறிச்சிக் கல்யாணத்தில் எடுத்த 64 ஜிபி கார்டு. மவுன்ட் செய்தால் ‘அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப் எக்ஸ்ஃபேட்’ என்கிறது, அதாவது கார்டில் ஃபைல்களை அடுக்கியிருக்கும் முறை தெரியாதாம். வெள்ளிக்கிழமை ஆல்பம் கொடுக்க வேண்டும்.

பேட்டை பையன்:
கார்டு கரப்ட் ஆகியிருக்கும். கேமராவில் போட்டு ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்.

பாளையங்கோட்டைக்காரன்:
தம்பி, ஃபார்மட்டா? உள்ளே ஒரு கல்யாணமே இருக்கிறது! ஸ்டுடியோக்காரரே, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். கார்டுக்கும் போனுக்கும் ஒன்றும் இல்லை.

லோக்கல்மாட்கான்ஃபிக் அந்த நிமிஷம் ஏறியிருக்கும் மாட்யூல்களை (வேண்டும்போது கெர்னலில் ஏறும் டிரைவர் போன்ற துண்டுகள்; எல்எஸ்மாட் கொடுத்தால் பட்டியல் தெரியும்) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். நீங்கள் அதை ஓட்டியபோது போன் சட்டைப்பையில், கார்டு கேமராவில் இருந்திருக்கும். அதனால் இரண்டுக்கும் உரிய மாட்யூல் போய்விட்டது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போனுக்கு ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட் வேண்டும். சில புதிய போன்களுக்கு சிடிசி_என்சிஎம், ஐபோன் என்றால் ஐபிஹெத்.

பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் டெபியனின் பழைய கெர்னல் இருக்கும், அதில் பூட் செய்யுங்கள். முதலில் கார்டைக் காப்பி எடுத்து வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பிறகு போனைச் சொருகி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். வெறுமே சார்ஜ் ஏறினால் அந்த மாட்யூல் ஏறாது. கார்டும் அப்படித்தான். சொருகினால் மட்டும் போதாது, திறந்து பார்க்க வேண்டும். ஃபைல்சிஸ்டம் மாட்யூல் மவுன்ட் ஆகும்போதுதான் ஏறும்.

இன்னொன்று. இப்போது சோர்ஸ் ஃபோல்டரில் இருக்கும் டாட்கான்ஃபிக் (கான்ஃபிக் பட்டியல் உள்ள ஃபைல்) ஏற்கெனவே கழித்த சரக்கு. லோக்கல்மாட்கான்ஃபிக்குக்குக் கழிக்கத்தான் தெரியும், போனதைத் திரும்பச் சேர்க்காது. அதனால் பூட் ஃபோல்டரில் உள்ள டெபியன் கான்ஃபிக்கை அதன் மேல் காப்பி செய்துவிட்டு, மறுபடி லோக்கல்மாட்கான்ஃபிக்கிலிருந்து ஆரம்பியுங்கள்.

அம்பை ஸ்டுடியோ:
அண்ணாச்சி, போன் நெட் வந்துவிட்டது. 64 ஜிபி கார்டும் திறக்கிறது. ஆனால் உதவியாள் கேமராவின் 32 ஜிபி கார்டைப் பழைய கெர்னலில் திறந்து பார்க்க மறந்துவிட்டேன். புதிய கெர்னலில் அது வரவில்லை. கான்ஃபிக்கை மெனுவாகத் திருத்தும் மெனுகான்ஃபிக்கில் விஃபேட்டை (ஃபேட்32 கார்டைப் படிக்கும் பகுதி) நானே எம் (மாட்யூல்) ஆக்கி மறுபடி கம்பைல் செய்தேன். இப்போது வேறு எர்ரர். கெர்னல் செய்திகள் வரும் டிமெசேஜில் ‘கோட்பேஜ் சிபி437 நாட் ஃபவுண்ட்’. இரண்டும் ஒரே கம்பெனி கார்டுதானே?

பாளையங்கோட்டைக்காரன்:
கம்பெனி ஒன்றாக இருக்கலாம், உள்ளே இருப்பது வேறு. எஸ்டி கார்டில் 32 ஜிபி வரை பொதுவாக ஃபேட்32, அதற்கு மேலே எக்ஸ்ஃபேட். ஃபேட் என்பது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஆள். ஃபைல் பெயரைப் படிக்க அதற்கு 437 என்ற பழைய எழுத்து அட்டவணை வேண்டும். விஃபேட்டை ஆன் செய்தால் அட்டவணையும் தானாக வராது, தனியாகச் சொல்ல வேண்டும்.

மெனுகான்ஃபிக்கில் ஃபைல் சிஸ்டம்ஸ், அதற்குள் நேட்டிவ் லாங்குவேஜ் சப்போர்ட். அங்கே கோட்பேஜ் 437-ஐ எம் ஆக்குங்கள். ஆஸ்கி என்ற எழுத்து அட்டவணையையும் சேர்த்தே ஆக்குங்கள். டெபியன் கான்ஃபிக்கில் ஃபேட்டுக்கு அதுதான் வழக்கமான ஐஓ கேரக்டர்செட் (ஃபைல் பெயரை நமக்குக் காட்டும் அட்டவணை), விட்டால் அடுத்த எர்ரர் அதன் பெயரில் வரும். இரண்டும் மாட்யூல்தான். ‘மேக் மாட்யூல்ஸ்’, பிறகு ‘மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்’ போதும்.

தென்காசிச் சாரல்:
இவ்வளவு சுற்றாமல் எல்எம்சி_கீப் என்ற வேரியபிளில் ‘டிரைவர்ஸ்/நெட்/யூஎஸ்பி:எஃப்எஸ்’ என்று கொடுத்து லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டலாம். அந்த ஃபோல்டர்களில் கை வைக்காது. கம்பைல் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். வெறும் ‘டிரைவர்ஸ்/யூஎஸ்பி’ என்று கொடுத்து நான் ஏமாந்திருக்கிறேன். டெதரிங் மாட்யூல் இருப்பது ‘நெட்’டுக்கு உள்ளே.

அம்பை ஸ்டுடியோ:
கார்டு திறந்துவிட்டது! முகூர்த்தப் படம் முழுக்க இதில்தான் இருக்கிறது. ரொம்ப நன்றி அண்ணாச்சி. இனிப் பழைய கெர்னலை அழித்துவிடலாமா? இடம் அடைக்கிறது.

பாளையங்கோட்டைக்காரன்:
அவசரப்படாதீர்கள். படம் ரீடச் செய்யப் பென் டேப்லெட் வைத்திருக்கிறீர்களா? அதைச் சொருகிப் பார்த்தீர்களா?

அம்பை ஸ்டுடியோ:
அது வீட்டில் இருக்கிறது அண்ணாச்சி.