டர்போ போட்ட பழைய எம்எக்ஸ்-5: அப்படியே ஓட்டவா, இன்னும் ஏத்தவா, வித்துடவா?

என்பி_சிவப்பு

மக்களே, மண்டைய பிச்சுக்கிட்டு இருக்கேன், கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கோங்க. என்கிட்ட இருக்கிறது 1999 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 (ரெண்டு சீட்டு, ரூஃப் இறக்குற ஸ்போர்ட்ஸ் கார்), ரெண்டாவது தலைமுறை அதாவது என்பி, 1.8 லிட்டர், விவிடி (வால்வு டைமிங்க தானா மாத்திக்கிற வசதி) வராத எஞ்சின், அஞ்சு கியர் மேனுவல், பின்னாடி டார்சன் டிஃப் (பின் சக்கரம் ரெண்டுக்கும் பவர பிரிச்சு கொடுக்கிற டிஃபரன்ஷியல்). நான் வாங்கும்போதே முந்தின ஓனர் டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்துல சுத்தி எஞ்சினுக்குள்ள காத்த அமுக்கி தள்றது) போட்டுத்தான் வச்சிருந்தாரு. சின்ன டர்போ, முன்னாடி இன்டர்கூலர் (அந்த காத்த குளிர வைக்கிறது), ஸ்டாண்டலோன் ஈசியு (தனியா ட்யூன் பண்ற எஞ்சின் கம்ப்யூட்டர்), காயில்ஓவர் சஸ்பென்ஷன், ரோல் பார் (வண்டி கவுந்தா தலைய காப்பாத்துற கம்பி). பூஸ்ட், அதாவது டர்போ தள்ற காத்தோட அழுத்தம், 0.8 பார் கிட்ட, டைனோல (பவர் அளக்குற மெஷின்) வீல்ல 220 ஹெச்பி சொச்சம் காட்டுச்சு. எஞ்சின் உள்ள எதுவும் மாத்தல, ராடு (பிஸ்டன க்ராங்க்கோட இணைக்கிற கனெக்டிங் ராடு), பிஸ்டன் எல்லாம் கம்பெனி ராடு பிஸ்டன்தான்.

வண்டி நல்லாத்தான் ஓடுது. ஆனா ஒரு பக்கம் பெரிய டர்போ போட்டு 280-300க்கு கொண்டு போகலாம்னு ஆசை, இன்னொரு பக்கம் இந்த வயசு வண்டில இன்னும் காசு போடணுமான்னு யோசனை. வித்துட்டு நாலாவது தலைமுறை என்டி ஒண்ணு ஸ்டாக்கா வாங்கி நிம்மதியா ஓட்டலாமா? தினசரி வண்டி வேற இருக்கு, இது வாரக்கடைசிக்கும் எப்பவாவது ட்ராக்குக்கும் மட்டும். நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?

திருகுசாவி

ப்ரோ, மூணுல எதுங்கிறத அப்புறம் பாக்கலாம், முதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்ளோ அழுத்தம் கொடுக்குதுன்னு பாக்கிறது), லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டர்ல காத்த அடைச்சு எங்க கசியுதுன்னு பாக்கிறது) ரெண்டும் எடுத்துட்டு வாங்க. அது இல்லாம நாங்க சொல்றது எல்லாம் ஜோசியம்தான்.

300 ஹெச்பி ஆசைய பத்தி சொல்றேன். பெரிய டர்போ வாங்குறது செலவுல சின்ன பங்கு, அதுக்கு அப்புறம் வரிசையா வர்றதுதான் செலவு. உங்க வண்டில இருக்கிற இந்த பிபி எஞ்சின்ல முதல்ல கைய விரிக்கிறது கனெக்டிங் ராடு. வீல்ல 230-250 தாண்டினாலே ஸ்டாக் ராடு வளையற கதை ஊரறிஞ்சது. அதுலயும் ராட வளைக்கிறது டார்க், ஹெச்பி நம்பர் இல்ல. சின்ன டர்போ 3000 ஆர்பிஎம்லயே முழு பூஸ்ட் கொடுத்துடும், அஞ்சாவது கியர்ல கீழ இருந்து அப்படியே மிதிச்சீங்கன்னா ராடு மேல விழற பளு, பெரிய டர்போ 7000ல அதே ஹெச்பி எடுக்கும்போது விழறத விட ஜாஸ்தி. அதனால 220தானே சேஃப்னு கண்ண மூடிட்டு சொல்ல முடியாது, ட்யூன் எப்படி பண்ணியிருக்காங்க, நாக் (சிலிண்டருக்குள்ள பெட்ரோல் தப்பா தானா வெடிக்கிறது) ஆகுதாங்கிறதுதான் கணக்கு.

ராட மாத்தினா அடுத்து ஆயில் பம்ப். கம்பெனி பம்ப் கியர் பவுடர் மெட்டல்ல அமுக்கி செஞ்சது, அதிக பவர் அதிக ஆர்பிஎம்னு போட்டு அடிச்சா உடையும், உடைஞ்சா ஆயில் பிரஷர் ஜீரோ, அதுக்கப்புறம் எஞ்சின்ல காப்பாத்த ஒண்ணும் மிச்சம் இருக்காது. அடுத்து உங்க அஞ்சு கியர் பாக்ஸ், 300ஐ ரொம்ப நாள் தாங்காது. சரி ஆறு கியர் பாக்ஸ் போடுவோம்னா அங்கயும் ஒரு கூத்து இருக்கு, அந்த ஆறாவது கியர் ரேஷியோ 0.843, உங்க அஞ்சாவது 0.814, அதாவது கியர் ஒண்ணு கூடியும் ஹைவேல எஞ்சின் இன்னும் வேகமா சுத்தும், அதுக்காக 3.9 இல்லனா 3.6 ரேஷியோ டிஃப் தேடணும். இன்னும் க்ளட்ச், ஃபியூயல் பம்ப், இன்ஜெக்டர், ரேடியேட்டர் எல்லாம் இருக்கு. பாதில காசு தீர்ந்துச்சுன்னா வண்டி ஜாக் ஸ்டாண்ட் மேலயே நிக்கும், அந்த நிலைமைல விக்கவும் முடியாது ஓட்டவும் முடியாது.

மெதுவா_போ

வித்துடுங்க. ட்ராக்ல ரெண்டு ரவுண்டு போனதும் கூலன்ட் டெம்பரேச்சர் மீட்டரயே பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு பேரு டிரைவிங் இல்ல. 2019க்கு அப்புறம் வந்த என்டி 2 லிட்டர்ல 180 ஹெச்பி சொச்சம் இருக்கு, 7500 வரைக்கும் சுத்தும், எடையும் ஒரு டன்ன சுத்தித்தான், காலைல உடனே ஸ்டார்ட் ஆகும். உங்க 220 டர்போ நேர்கோட்டுல ஜெயிக்கும், அவ்ளோதான். நானும் டர்போ என்பி வச்சிருந்து என்டிக்கு மாறினவன், இப்ப எடுக்கிற சந்தோஷம் கம்மின்னு எனக்கு தோணல.

என்பி_சிவப்பு

திருகுசாவி அண்ணே, டெஸ்ட் எடுத்தாச்சு. எஞ்சின் சூடா, த்ராட்டில் முழுசா திறந்து வச்சு, நாலு ப்ளக்கும் கழட்டித்தான் எடுத்தேன். ஒண்ணாவது சிலிண்டர் 172, ரெண்டாவது 170, மூணாவது 173, நாலாவது 158 பிஎஸ்ஐ. பிஸ்டன் ரிங் போச்சு போலன்னு நினைச்சு நாலாவதுல கொஞ்சம் ஆயில் விட்டு திரும்ப எடுத்தேன், ரிங்னா ஏறியிருக்கணும், பெருசா ஏறல. லீக்டவுன்ல நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, நாலாவது தனியா எதுவும் விடல, எக்ஸாஸ்ட்லயும் சத்தம் இல்ல, ஆயில் மூடி பக்கமும் இல்ல, ரேடியேட்டர்ல குமிழும் வரல. எல்லாம் நல்லா இருக்கு ஆனா 158, இது என்ன கணக்கு?

@மெதுவா_போ நீங்க சொல்றதும் சரின்னு படுது, ஆனா ரூஃப இறக்கிட்டு டர்போ விசில் கேட்டுக்கிட்டே போற சுகம் என்டில வராதே.

திருகுசாவி

அடடா. காத்து எங்கயும் கசியல, ஆனா கம்ப்ரஷன் மட்டும் ஒரு சிலிண்டர்ல கம்மி, ஆயில் விட்டும் ஏறல. டர்போ வண்டில இத பாத்தா எனக்கு முதல்ல வர்ற சந்தேகம் ராடு லேசா வளைஞ்சிருக்குன்னுதான். ராடு வளைஞ்சா அதோட நீளம் குறையும், பிஸ்டன் முழு உயரத்துக்கு மேல வராது, மேல மிச்சம் நிக்கிற இடம் கூடும், அதனால பிரஷர் குறையும். ரிங்கும் வால்வும் நல்லாவே இருக்கிறதால லீக்டவுன் சுத்தமா காட்டும். கேம் டைமிங் தப்பா இருந்தா நாலு சிலிண்டருமே குறையணும், இங்க ஒண்ணுதான் குறையுது.

உறுதி பண்ண எஞ்சின கழட்ட வேண்டாம். ப்ளக் ஓட்டை வழியா நேரான நீளமான ஒரு கம்பிய விட்டு, மேல டயல் கேஜ் வச்சு, க்ராங்க்க கையால மெதுவா சுத்தி ஒவ்வொரு பிஸ்டனும் டாப்ல எந்த உயரம் வருதுன்னு அளந்து எழுதுங்க. நாலுக்கும் கம்பி ஒரே கோணத்துல ஒரே இடத்துல தொடணும், இல்லனா அளவு ஏமாத்தும். நாலாவது மட்டும் அர மில்லிமீட்டருக்கு மேல கீழ நின்னா கேஸ் முடிஞ்சது. அதுவரைக்கும் பூஸ்ட்ல மிதிக்காதீங்க. வளைஞ்ச ராடு அப்படியே பல நாள் ஓடவும் செய்யும், ஒரு நாள் ப்ளாக்க பொத்துக்கிட்டு வெளியவும் வரும், எப்போன்னு யாராலயும் சொல்ல முடியாது.

நாலாவது சிலிண்டர்ங்கிறதுலயும் பெரிய ஆச்சரியம் இல்ல. இந்த எஞ்சின் குடும்பம் முதல்ல முன்சக்கர வண்டிக்கு குறுக்கா வைக்கிறதுக்கு பண்ணது. எம்எக்ஸ்-5ல நேரா திருப்பி வச்சப்போ தண்ணி உள்ள போறது வெளிய வர்றது ரெண்டுமே முன்பக்கமே ஆயிடுச்சு, பின்னாடி இருக்கிற நாலாவதுக்கு ஓட்டம் கம்மி, சூடு ஜாஸ்தி, சூடு ஏறினா நாக். டர்போகாரங்க எல்லாரும் கூலன்ட் ரீரூட் பண்றது இதுக்குத்தான், தெர்மோஸ்டாட்ட ஹெட்டோட பின்பக்கம் கொண்டு போயிடுவாங்க. உங்க வண்டில அது இருக்கா?

காலி_கராஜ்

ராடு கதை உண்மைன்னா விக்கிற கணக்கே மாறுது, அத பத்தி கொஞ்சம் சொல்றேன், மாடிஃபைடு வண்டிங்க நிறைய வாங்கி வித்தவன்.

மாடிஃபைடு வண்டிக்கு போட்ட காசு திரும்ப வராது, இத முதல்லயே மனசுல இருந்து அழிச்சிடுங்க. வாங்க வர்றவன் டர்போவ பாத்து சந்தோஷப்பட மாட்டான், பயப்படுவான், எவன் போட்டான், எப்படி மிதிச்சிருப்பான்னு. அதனால பொதுவா நல்ல விலை வர்றது பிரிச்சு விக்கிறதுலதான், டர்போ கிட் தனி, காயில்ஓவர் தனி, கழட்டி மாட்டுற கெட்டி ரூஃப், அதாவது ஹார்ட்டாப் இருந்தா அது தனி (ஹார்ட்டாப்ப மட்டும் வண்டியோட சேத்து கொடுக்காதீங்க, அத தேடி அலையறவங்க எக்கச்சக்கம்), வண்டி ஸ்டாக்கா தனி. ஆனா இதுக்கு பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, இன்ஜெக்டர், ஏர் ஃப்ளோ மீட்டர், பழைய ஈசியு எல்லாம் கைல இருக்கணும். முந்தின ஓனர் கொடுத்தாரா? கொடுக்கலைன்னா அத தேடி வாங்குறதுலயே லாபம் போயிடும், அப்ப முழுசா அப்படியே விக்கிறதுதான் வழி, அதுக்கு இந்த வண்டிய பத்தி தெரிஞ்ச ஆளுதான் வாங்குவான், அவன் கண்டிப்பா கம்ப்ரஷன் எடுப்பான். 158ஐ மறைச்சு விக்கிறது நம்ம வேலை இல்ல, சொல்லி வித்தா செத்த எஞ்சின் விலைதான் கிடைக்கும். ஆக, இப்ப விக்கிறதுதான் மூணுலயும் மோசமான வழி.

இன்னொண்ணு, இன்ஷூரன்ஸ்காரன்கிட்ட டர்போ போட்டத எழுத்துல சொல்லியிருக்கீங்களா? சொல்லலைன்னா வச்சுக்கிறதா விக்கிறதாங்கிறதுக்கு முன்னாடி அத முடிங்க, ஆக்சிடென்ட் ஆனா க்ளைம தட்டி விட அது ஒண்ணு போதும் அவங்களுக்கு.

அப்புறம் எஞ்சின்ல ஒரு காசு போடறதுக்கு முன்னாடி வண்டிய தூக்கி துருவ பாருங்க. எஞ்சின் கெட்டா வேற எஞ்சின் போட்டுக்கலாம், என்பில முன்பக்க சேஸிஸ் ரெயில் உள்ளுக்குள்ள இருந்து அரிக்கும், ரெண்டு தகடு ஒட்டின இடம், வெளிய தெரியும்போது லேட் ஆகியிருக்கும். பின் சக்கரத்துக்கு முன்னாடி சில்லும் (கதவுக்கு கீழ ஓடற தகடு) அப்படித்தான், துணி ரூஃப்ல தண்ணி வடியற ஓட்டை அடைச்சா மழைத்தண்ணி அங்கதான் போய் தேங்கும். ரெயில் போயிருந்தா யோசிக்கவே வேண்டாம், பிரிச்சு வித்துட்டு என்டி வாங்குங்க.

என்பி_சிவப்பு

சரி, அப்டேட். அளந்தேன், நம்பிக்கை வராம மறுபடியும் அளந்தேன். ஒண்ணு ரெண்டு மூணு மூணும் ஒரே உயரம், நாலாவது முக்கால் மில்லிமீட்டர் கிட்ட கீழ நிக்குது. ராடுதான். கூலன்ட் ரீரூட்டும் இல்ல.

லிஃப்ட்ல ஏத்தி ரெயில் உள்ள கேமரா விட்டு பாத்தாச்சு, ரெயில் ரெண்டும் சுத்தம், மெழுகு அடிச்சு வச்சிருக்காங்க. இடது பக்க சில்லுல மட்டும் சின்னதா ஆரம்பிச்சிருக்கு, வெட்டி வெல்டு வச்சிடலாம்ங்கிறாங்க. இன்ஷூரன்ஸ்ல டர்போ எழுதியிருக்கு, அது பிரச்சனை இல்ல. ஸ்டாக் பார்ட்ஸ்ல ஈசியு மட்டும்தான் கைல இருக்கு, மத்தது இல்ல.

எப்படியும் எஞ்சின் வெளிய வரப்போகுது. இப்ப என்ன, வேற ஒரு பழைய ஸ்டாக் எஞ்சின் வாங்கி போடவா, இல்ல இதுலயே ஃபோர்ஜ்டு ராடு (ஸ்டாக்க விட பலமானது) போடவா? ராடு போட்டா 300ம் போயிடலாமேன்னு திரும்ப அரிக்குது, திட்டாதீங்க.

மெதுவா_போ

ரெயில் சுத்தம்னா வித்துடுங்கன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன், அந்த மாதிரி என்பி கிடைக்கிறது இப்ப கஷ்டம். ஆனா 300க்கு மட்டும் வேண்டாம்.

திருகுசாவி

பழைய எஞ்சின் வாங்கினா அதோட வரலாறு உங்களுக்கு தெரியாது, அதுவும் ஸ்டாக் ராடுதான், இதே டர்போ இதே ட்யூன் போட்டா திரும்ப இதே இடத்துக்கு வருவீங்க. பூஸ்ட்ட 0.5 பாருக்கு இறக்கி, 3500க்கு கீழ டார்க்க வெட்டி ஓட்டறதா இருந்தா அது மலிவான வழி, தப்பில்ல.

நானா இருந்தா இதே ப்ளாக்க கழட்டி போர் (சிலிண்டரோட உள்விட்டம்) அளந்து, நல்லா இருந்தா உள்சுவர லேசா தேச்சு ஹோன் பண்ணி, ஃபோர்ஜ்டு ராடு, புது பேரிங், புது ரிங், பில்லட் (முழு உலோகத்துல கடைஞ்ச) ஆயில் பம்ப் கியர், கூலன்ட் ரீரூட், டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் போட்டு மூடிடுவேன். டர்போ இதே டர்போ, பவர் இதே 220. லேபர் பாதி எஞ்சின இறக்கி ஏத்துறதுலதான் போகுது, அத எப்படியும் கொடுக்கத்தான் போறீங்க. ஆயில் பம்ப் க்ராங்க் மூக்குல உக்காந்திருக்கு, பின்னாடி தனியா மாத்தணும்னா ஆயில் பேன் இறங்கணும், சப்ஃப்ரேமையோ எஞ்சினையோ திரும்ப அசைக்கணும், அதனால இப்ப விட்டுடாதீங்க. இப்படி பண்ணா கியர் பாக்ஸ் தப்பிக்கும், டிஃப் தப்பிக்கும், க்ளட்சும் இதுவே போதும். நாளைக்கே விக்கணும்னாலும் ராடு போட்டதுக்கு பில்லும் கம்ப்ரஷன் நம்பரும் கைல இருக்கும், அந்த 'தெரிஞ்ச ஆளு' விலை பேசாம வாங்குவான்.

300 ஆசை ரெண்டு சீசன் கழிச்சும் இருந்தா அன்னைக்கு கியர் பாக்ஸ் பக்கம் இருந்து ஆரம்பிங்க, எஞ்சின் தயாரா இருக்கும்.

என்பி_சிவப்பு

இது சரியா வருது. ராடு, பம்ப் கியர், ரீரூட், சில்லு வெல்டு, டர்போவ தொடறதில்ல. பூஸ்ட்டும் கீழ ஆர்பிஎம்ல கம்மி பண்ணி புதுசா ட்யூன் பண்ணிக்கிறேன். ராடு ஆர்டர் போட்டாச்சு. ஒரே ஒரு சந்தேகம், பிஸ்டன் ஸ்டாக்கே இருக்கட்டுமா?

திருகுசாவி

220க்கு ஸ்டாக் பிஸ்டன் தாராளம், போர் தேஞ்சு ஓவர்சைஸ் போகணும்னா மட்டும் ஃபோர்ஜ்டு பாருங்க. ரிங் கேப் மட்டும் டர்போவுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் தாராளமா வைக்க சொல்லுங்க, இல்லனா சூட்டுல முனை ரெண்டும் முட்டிக்கும். ராடு போல்ட்ட நீட்சி கேஜ் வச்சு இறுக்கற ஆள்கிட்ட கொடுங்க. அப்புறம் டர்போவ மேனிஃபோல்டுல மாட்டுற ஸ்டட்டு, பழசயே திரும்ப போடாதீங்க, இன்கோனல் (சூடு தாங்குற உலோகம்) ஸ்டட்டு வாங்கி லாக் பண்ற நட்டோட போடுங்க, சாதா ஸ்டட்டு ட்ராக் சூட்டுல நீண்டு லூஸ் ஆகும்.