அட்டை ஏறினது எங்கே, இறக்கினது எப்படி?

சோலைக்குருவி
வால்பாறை பக்கத்துச் சோலை. ஜூலை மாதச் சாரல். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகியாச்சு, ஷூவைச் சுற்றி உப்பும் தூவியாச்சு. நாலு மணி நேர நடையில் குழுவில் யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. சாயங்காலம் ஒருத்தர் ஷூவைக் கழற்றினால் குதிகாலில் வெள்ளை சாக்ஸ் முழுக்கச் சிவப்பு. உள்ளே நாவல்பழம் கணக்காக உருண்டு திரண்டு ஒன்று கிடக்கிறது. வலி என்பதே இல்லை.

உப்பு பத்து நிமிஷத்தில் கரைந்திருக்கும், அது போகட்டும். வந்த வழிதான் மண்டையைக் குடைகிறது. பேன்ட் வழியாக இல்லை. ஷூ நாக்குக்கும் லேஸ் துளைக்கும் நடுவே இருக்கிற சந்து. பசித்த அட்டை தீக்குச்சியை விட மெல்லிசு. பின்னல் சாக்ஸின் கண்ணிக்குள் தலையை மட்டும் விட்டுக்கூடக் கடிக்கும். உங்களுக்கெல்லாம் எங்கே ஏறியது?

கொழுந்துக்கூடை
உப்பைத் தூவினால் இப்படித்தான் ஆகும். தூவக் கூடாது, கட்ட வேண்டும். கைக்குட்டை அளவு துணியில் ஒரு பிடி கல்லுப்பும் கொஞ்சம் புகையிலைத் தூளும் வைத்து மூட்டையாக முடிந்து, முழ நீளக் குச்சியின் முனையில் கட்டுங்கள். லேசாக நனைத்துக்கொண்டு, ஏறுகிற அட்டைமேல் ஒரு ஒத்து. அடுத்த நொடி சுருண்டு விழும். குனியவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம். தோட்டத்துப் பக்கம் ரொம்ப நாளாகப் பழகின வழி இது.

மூணாவது கொண்டை ஊசி
ஊர்ந்து வருகிற அட்டைக்கு மூட்டை சரி, ஒத்துக்கொள்கிறேன். கடித்துக்கொண்டிருக்கிற அட்டைக்கு உப்பு, தீக்குச்சி, ஸ்ப்ரே எதுவுமே வேண்டாம் அண்ணே. எரிச்சல் தாங்காமல் வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிட்டு விழும். புண் சீழ் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நகம் போதும். இரண்டு முனையிலும் உறிஞ்சி உண்டு. ஒடுங்கின முனைதான் வாய். கடிவாய்க்குப் பக்கத்துத் தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கை நகத்தை வாய்முனைக்கு அடியில் கிடைமட்டமாகத் தள்ளுங்கள். பிடி விட்டதும் தடித்த பின்முனையையும் அதே மாதிரி நெம்பி, உடனே சுண்டிவிடுங்கள். தாமதித்தால் உங்கள் விரலைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் பிடித்து இழுப்பது மட்டும் கூடாது. ரப்பர் மாதிரி நீளுமே தவிர விடாது, கடிவாய்தான் கிழியும். முதலில் பின்முனையை நெம்பிய ஒருவருக்கு, அந்தரத்தில் ஊசலாடிக்கொண்டே அது குடித்துக்கொண்டிருந்த காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

கொழுந்துக்கூடை
இருபது அட்டை ஏறியிருக்கும்போது ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பிக்கொண்டு நின்றால், நெம்பி முடிப்பதற்குள் இன்னும் இருபது ஏறும் தம்பி. வெட்டவெளிக்கோ பாறைமேலோ போய்த்தான் அதெல்லாம்.

மூணாவது கொண்டை ஊசி
பாறைக்குப் போய் நெம்புங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். நட்ட நடுக் காட்டில் நிற்கச் சொல்லவில்லையே.

தெனியாய
சிங்கராஜவில் (1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற இலங்கை மழைக்காடு) கண்டது. ஒற்றையடிப் பாதையில் ஆறு பேர் வரிசை. முன்னுக்குப் போன இருவருக்கும் ஒன்றுமில்லை, பின்னால் வந்தவர்களின் சப்பாத்தில் கொத்தாக ஏறியிருந்தது. முதல் ஆளின் காலடி அதிர்வும் மூச்சும் அதை எழுப்பும். அது பின்முனையை இலையில் ஊன்றி எழும்பி, ஊசி மாதிரி நின்று, தலையை அங்கேயும் இங்கேயும் ஆட்டித் தேடும். அதற்குள் மூன்றாவது ஆள் வந்துவிடுவார். படம் எடுக்க நின்ற ஒரு நிமிடத்தில்தான் ஆகக் கூட ஏறினது.

இங்கே சனம் சித்தாலேப தைலத்தைக் காலில் பூசும், சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே காலுறைமேல் தேய்க்கும். இரண்டும் வேலை செய்யும், ஓடையைக் கடக்கும் வரைக்கும்தான். கடந்த பிறகு திரும்பப் பூச வேண்டும். மரத்திலிருந்து தலையில் குதிக்கிறது என்கிறவர்களுக்கு: அநேகமாக அது கீழிருந்து முதுகு வழியாக ஏறி வந்தது. குதிக்கிற அட்டையை மடகாஸ்கரில் படம் பிடித்து 2024இல் வெளியிட்டார்கள். அது வேறு இனம்.

காடாத்துணி
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உப்பா நகமா என்று மல்லுக்கட்டுவதற்கு முன்னால் அட்டை சாக்ஸ் தைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஜோடிக்கு முப்பத்தாறு அங்குல அகலக் காடாத் துணி ஒன்றேகால் மீட்டர். நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஓட்டை தெரிந்தால் வாங்காதீர்கள். வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை ஊறவைத்துத் துவைத்துவிடுங்கள், காடா சுருங்கும். பூட்ஸ் வடிவத்தில் காலுக்கு இரண்டு துண்டு: உயரம் இருபது அங்குலம், பாத நீளம் பன்னிரண்டு, கெண்டைக்கால் பகுதி அகலம் பத்து. பேன்ட் மடிப்போடு உள்ளே போக அந்த அகலம் வேண்டும். இரட்டைத் தையல் போட்டு, தையல் விளிம்பு வெளிப்பக்கம் வருகிற மாதிரி போடுங்கள். உள்ளே வந்தால் இறக்கத்தில் சுண்டுவிரலை அறுத்து எடுத்துவிடும். மேல் விளிம்பை மடித்து நாடா கோத்துக்கொள்ளுங்கள். நிறம் வெள்ளையோ பழுப்போ. கறுப்புத் துணியில் அட்டை ஏறுவது கண்ணுக்குத் தெரியாது.

வரிசை முக்கியம். முதலில் சாதாரண சாக்ஸ், அதற்கு மேல் பேன்ட், அதற்கு மேல் இது, கடைசியில் ஷூ. லேஸ் துளை வழியாக வருகிற அட்டை துணியில் முட்டிக்கொண்டு மேலே ஏறித்தான் ஆக வேண்டும், அப்போது கண்ணில் படும். கடையில் புதுச் சாக்ஸ் வாங்கிப் பேன்ட்டை வெளியே தொங்க விட்டுக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டைக்கு ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி. நாடாவை முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் கட்டினால் போதும், இறுக்கினால் கால் மரத்துப்போகும். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முன்னால் போகிறவர் காலை நீங்கள் பாருங்கள், உங்கள் காலைப் பின்னால் வருகிறவர் பார்க்கட்டும். டீட் என்கிற பூச்சிவிரட்டி கலந்த மருந்து அடிப்பதாக இருந்தால் காடாமேல் அடிக்கலாம். கைக்கடிகாரக் கண்ணாடி, பிளாஸ்டிக், ரேயான் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அரித்துவிடும்.

பஞ்சும் கட்டுத்துணியும்
கடியை விட ரத்தம்தான் ஆளை மிரட்டும். அட்டை எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கிற பொருள் இருக்கிறது. மருத்துவ அட்டையில் அதை ஹேக்ராஃப்ட் என்கிற பிரிட்டிஷ் உடலியலாளர் 1884இலேயே கண்டு சொல்லிவிட்டார். அட்டையை எடுத்த பிறகும் மணிக்கணக்கில் கசியும். பிளாஸ்டர் ஒட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். சோப்புத் தண்ணீரால் கழுவி, கட்டுத்துணியை நாலாக மடித்து வைத்துப் பத்து நிமிஷம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள், அதன்மேல் கிரேப் பேண்டேஜ். அரிப்பு நாலைந்து நாள் இருக்கும், சொரியாதீர்கள். சுற்றிலும் சூடும் வீக்கமும் பரவினால் டாக்டர். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மழைக்கால நடைக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஜுகா
எல்லாரும் காலையே பேசுகிறீர்கள். நேபாளத்தில் கோரேபானி (2,874 மீட்டர்) பாதை, மழைக்காலம். ஓடையில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்த ஒருத்தருக்கு, ஊர் திரும்பியும் ஒரு பக்க மூக்கில் மட்டும் தினம் ரத்தம். சூடு என்று இளநீர் கொடுத்தார்கள். கடைசியில் அகலக் கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர் வைத்து முகத்தைக் குனிந்து காட்டச் சொன்னபோது, நாசியிலிருந்து கறுப்பு நூல் ஒன்று அரை அங்குலம் நீண்டு, தண்ணீரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது.

இது காட்டு அட்டை இல்லை. ஓடையிலும் சுனையிலும் இருக்கிற மூக்கட்டை. நூல் கணக்கான குஞ்சாகப் போய் உள்ளேயே வளரும்.

மூணாவது கொண்டை ஊசி
அப்புறம்? நகம் எட்டாதே.

ஜுகா
எட்டாது. வீட்டில் இடுக்கி போட்டு இழுத்தால் வழுக்கும், இல்லையென்றால் அறுந்துபோகும். காது மூக்கு தொண்டை டாக்டர் மரப்பு மருந்து விட்டு, பிடி தளர்ந்ததும் எடுத்தார். கிட்டத்தட்ட சுண்டுவிரல் நீளம். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, ஃபில்டரில் விட்டோ கொதிக்க வைத்தோ குடியுங்கள். சுனையில் முகம் கழுவுவதானாலும் அதே தண்ணீர்தான்.

கொழுந்துக்கூடை
ஒரு பக்கம் மட்டும் ரத்தம் என்றால் அட்டைதானா? நாய்க்கும் இப்படி வருமா? இங்கே ஒன்று பத்து நாளாகத் தும்மிக்கொண்டே திரிகிறது.

ஜுகா
நாய்க்கும் மாட்டுக்கும் வரும் அண்ணே. அட்டைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, மாட்டாஸ்பத்திரியில் காட்டுங்கள். அதுவரை உப்பு மூட்டையை அதன் மூக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.