தினமும் பாக்கெட்டில் வைக்க மடக்குக்கத்தி: வாங்கும்போது எதைப் பார்ப்பது? புனைபெயர்களில் நால்வர் சொல்லும் பதில்கள்

சாணைக்கல்:
எஃகு என்ன ரகம் என்று கேட்பதற்கு முன் அலகின் தடிமனைக் கேளுங்கள். முதுகில் 3, 4 மி.மீ. தடித்த அலகு ஆப்பிளை நறுக்காது, பிளக்கும். கேரட்டில் பாதியிலேயே இறுகி நிற்கும். பழம், சணல், பார்சல் டேப் இவைதான் அன்றாட வேலை என்றால் 2 மி.மீ. தாராளம். ஓப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக்கத்தியின் 8ஆம் நம்பர் அதனால்தான் அவ்வளவு சுத்தமாக வெட்டுகிறது: அலகு நீளம் 8.5 செ.மீ., தடிமன் 2 மி.மீ.க்கும் குறைவு.

அதில் கார்பன் எஃகு, இனாக்ஸ் (துருப்பிடிக்காத எஃகு) என இரண்டு வகை உண்டு. கார்பனில் கூர் சட்டென்று ஏறும். ஆனால் மாங்காய், எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் மடக்கினால் அலகு கறுத்துவிடும், உப்புக்காற்று அடிக்கும் ஊரில் சீக்கிரமே துருப்புள்ளியும் விழும். சென்னை, நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் யோசிக்காமல் இனாக்ஸ் எடுக்கலாம்.

மரப்பிடி:
ஓப்பினெல்லின் பீச் மரப்பிடி தண்ணீர் குடிக்கும். மழையில் நனைந்தாலோ குழாயடியில் கழுவினாலோ மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும், நகம் போட்டு இழுத்தாலும் வராது. பூட்டு வளையத்தைத் திருப்பி விடுவித்துவிட்டு, பிடியின் பின்நுனியை மேசையில் தட்டினால் அலகு சற்று வெளியே தலைநீட்டும். பிரான்சின் சவாய் மலைப்பகுதிக்காரர்களின் பழைய வழி இது. பிறகு நிழலில் நன்றாகக் காயவிட்டு, மூட்டில் உணவுத்தர மினரல் ஆயில் இரண்டு சொட்டு விடுங்கள். நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாகி அழுக்கைப் பிடிக்கும்.

திருகாணி:
லைனர் லாக் (பிடிக்குள் இருக்கும் பக்கத் தகடு நகர்ந்து அலகைப் பூட்டும் வகை) கத்தி என்றால் கடையிலேயே பூட்டைச் சோதித்துவிடுங்கள். அலகை முழுக்க விரித்து, பிடியில் அலகு மடங்கி உட்காரும் பிளவின் பக்கமிருந்து உள்ளே பாருங்கள். பக்கத் தகடு அலகின் அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு வரை ஏறி உட்கார்ந்திருந்தால் நல்லது. விளிம்பை மட்டும் தொட்டால் வழுக்கிவிடும். எதிர்ப்பக்கம் வரை போயிருந்தால் தேய்ந்த சரக்கு. அடுத்து, நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் மூட்டுத் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக முறுக்கிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேறு கத்தி கேளுங்கள்.

விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்தியில், மடக்கிய நீளம் 91 மி.மீ. உள்ள வகையில் பூட்டே கிடையாது, முதுகு வில்தான் அலகைப் பிடித்து வைக்கிறது. வெட்டுவதற்கு அது போதும். நுனியால் குத்தித் துளை போட்டால் அலகு மடங்கி விரலில் இறங்கும். துளைக்கென்று அதன் முதுகிலேயே ஊசி இருக்கிறது, அதை எடுங்கள்.

சாணைக்கல்:
தீட்டுவது பற்றி ஒன்று. பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி, 1000 கிரிட் (சொரசொரப்பு அளவு) கல். கூர்விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டு இரண்டு இழுப்பு இழுங்கள். மை முதுகை நோக்கிய மேல்பக்கம் மட்டும் அழிந்தால் கோணம் குறைவு, கூர் ஓரத்தில் மட்டும் அழிந்தால் அதிகம்.

ஊர்சுற்றி:
பிரிட்டனில் இருப்பவர்கள் கவனிக்கவும். காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்க, கத்தி மடங்குவதாக, பூட்டு இல்லாததாக, வெட்டுவிளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாததாக இருக்க வேண்டும். ஓப்பினெல் 8 பூட்டு உள்ளது, நீளமும் கூடுதல், ஆகவே சேராது. விமானத்துக்கு எந்தக் கத்தியானாலும் செக்-இன் பெட்டியில்தான்.