சிஸ்டத்தில் ஒன்று, தளத்தில் ஒன்று: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கொட்பேக் காற்று:
ஈஆர்பி (ஸ்டோர்ஸ், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக வைக்கும் கொம்பியூட்டர் சிஸ்டம்) வந்த ஃபெக்டரியில் இருந்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. சீனன்குடாப் பக்கம், இரவு சிஃப்ட். கன்வேயரின் தலைப்பக்க பேரிங் இறுகி லைன் நின்றுவிட்டது. பேரிங் நம்பர் 22212, ஒன்றே ஒன்று போதும். கொம்பியூட்டரைத் தட்டினால் கையிருப்பு 0. கொழும்பிலிருந்து வரவேண்டும், எப்படியும் நாளை மத்தியானம் ஆகும் என்று மனேஜருக்கும் சொல்லியாயிற்று.

அப்போதுதான் ஸ்டோர்ஸ் ஐயா வந்தார். ஒன்றும் பேசவில்லை. தன் மேசையின் அடி லாச்சியை இழுத்து, பழைய பேப்பரில் சுற்றின பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்தார். அதே பேரிங், கிரீஸ் இன்னும் காயவில்லை. பிறகு சீஆர் கொப்பியைத் திறந்து திகதி, மெஷின், என் கையெழுத்து. அவ்வளவுதான்.

ஒரு வருசம் அசையாமல் கிடக்கும் சாமான் ரிப்போர்ட்டில் சிவப்பாக வரும். ஏன் காசை முடக்கி வைத்திருக்கிறீங்கள் என்று தலைமை அலுவலகம் கேட்கும், திருப்பி அனுப்பச் சொல்லும். அதனால் ஐயா 'இஷ்யூ' போட்டுக் கழித்துவிட்டு லாச்சிக்குள் வைத்துக்கொள்வார். விடிந்தபிறகு நடந்த கூட்டம்தான் என்னை இன்னும் உறுத்துகிறது. லைன் இவ்வளவு சீக்கிரம் ஓடினதுக்குக் காரணம் புது சிஸ்டம்தான் என்று மனேஜர் எல்லோரையும் கைதட்ட வைத்தார். ஐயாவும் தட்டினார்.

நாலாம் கட்டை:
எங்களுடையது கார்மென்ட். பண்டிலுக்கு ஒரு பார்கோட் சீட்டு. தைத்து முடித்து ஸ்கேன் பண்ணினால் லைனுக்கு மேலே தொங்கும் டீவியில் எஃபிஷன்சி ஏறும். காலையில் அது சிவப்பில் நின்றால் மனேஜர் வந்து எல்லோர் முன்னாலும் சத்தம் போடுவார். அழுதுகொண்டு தைக்கிற பிள்ளையின் தையல் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆகவே சுப்பர்வைசர் அக்கா பின்னேரம் மிஞ்சுகிற சீட்டுகளை ஸ்கேன் பண்ணாமல் ஏப்ரன் பொக்கெட்டில் வைத்துக்கொள்வா, மறுநாள் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவா.

ஒருநாள் மனேஜர் வெளிநாட்டு பையரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அக்கா விழுந்த கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்தா, சீட்டெல்லாம் நிலத்தில். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. பக்கத்து மெஷின் பிள்ளைகள் இரண்டு பேர் இடது காலை மெல்ல நகர்த்திச் செருப்பால் மூடிவிட்டார்கள். வலது கால் பெடலில், மெஷின் நிற்கவேயில்லை. பையர் போனபிறகும் கொஞ்ச நேரம் யாரும் காலை எடுக்கவில்லை.

ஓடிட் மாமா:
கொட்பே, உங்கள் ஐயாவைத் தியாகி ஆக்காதீங்கள். அவர் செய்தது பொய்க் கணக்கு. செலவு எழுதின சாமான் லாச்சிக்குள் கிடந்தால் களவுக்கு வழி திறந்தே கிடக்கிறது. அவர் நல்லவர், அடுத்து வருகிறவர்? ஒருமுறை கிண்ணியாப் பக்கம் சரக்கு எண்ணப் போன இடத்தில் கையிருப்பு மைனஸில் நின்றது. இல்லாத சாமானை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்! ஜீஆர்என், அதாவது சாமான் வந்து சேர்ந்ததற்கான பதிவு, அதைப் பிந்திப் போட்டதுதான் விசயம். சரி, என் கதை முடிந்தது.

இனிச் செய்யவேண்டியது. எந்த உதிரிப்பாகம் இல்லாவிட்டால் லைன் நிற்குமோ அதற்குத் தனிக் குறியீடு கொடுங்கள், அசையாத சரக்கு ரிப்போர்ட்டில் அது வரவே கூடாது. வருசத்துக்கு ஒருதரம் ஸ்டோர்ஸை மூடி எண்ணுவதை விட்டு, தினமும் சில ராக்குகளை எண்ணுங்கள். விலை கூடினதை அடிக்கடி, ஆணி, வொஷரை எப்போதாவது. டீவியில் ஓஈஈ (மெஷினின் மொத்தப் பயன்திறன்) போடுகிற இடங்களில் ஒரே இலக்கமாகப் போடாதீங்கள். மெஷின் ஓடின நேரம், ஓடின வேகம், பழுதில்லாமல் வந்த சாமான் என்று மூன்றாகக் காட்டுங்கள். 90, 95, 99 என்று தனித்தனியே பார்த்தால் வடிவாகத்தான் இருக்கும். பெருக்கினால் 84.6 வீதம், உலகத்தரம் என்று சொல்லுகிற 85க்கு அதுவும் காணாது. ஜப்பானில் நகாஜிமா என்பவர் இந்தக் கணக்கைக் கொண்டுவந்தது எங்கே இழக்கிறோம் என்று பார்க்க, யாரை ஏசலாம் என்று பார்க்க இல்லை. மெஷின் நின்ற காரணம் கேட்கிற பட்டியலில் 'வேறு' என்று ஒன்றை வைத்தால் எல்லாம் அதற்குள்தான் போய்ச் சேரும். பட்டியல் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். டொயோட்டாவில் பிழை கண்ட தொழிலாளி லைனோடு ஓடும் கயிற்றை இழுத்தால் டீம் லீடர் உதவிக்கு ஓடிவருவார். இங்கேயும் கயிறு கட்டலாம், ஓடிவருகிறவர் ஏச வந்தால் யார் இழுப்பார்? அப்புறம் ட்ரெய்னிங். முதல் கிழமை மட்டும் பூட்டின அறைக்குள் ஸ்லைட் காட்டுவது ட்ரெய்னிங் இல்லை. இரவு சிஃப்டில் பக்கத்தில் நின்று காட்டவேண்டும்.

நாலாம் கட்டை:
மாமா, அறிவுரை யார் கேட்டது? சத்தம் போடுகிறவரைத் திருத்த ஏதாவது சொஃப்ட்வெயார் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

கொட்பேக் காற்று:
களவு என்ற பேச்சை விடுங்கள் மாமா. கொப்பியில் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து இருக்கிறது. ஆனால் தனிக் குறியீடு விசயம் சரி, எங்கள் ஐடி தம்பிக்கு அனுப்பிவிட்டேன்.

தம்பலகாமம் றோட்டு:
2022 மார்ச் கடைசியை மறந்திருக்கமாட்டீங்கள். 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. டீசலும் இல்லாததால் ஜெனரேட்டர் சும்மா நின்றது. அரிசி ஆலை வாசலில் பெரும்போக நெல்லோடு டிராக்டர் வரிசை. வேபிரிட்ஜ் (வண்டியோடு சேர்த்து நிறுக்கும் தராசு) கொம்பியூட்டரோடு இணைத்தது, ஸ்கிரீன் கறுப்பு. கடைசியில் கிடங்கிலிருந்து பழைய பிளாட்போம் தராசை உருட்டி வந்து மூட்டை மூட்டையாக நிறுத்தோம். கமக்கார நானா ஒருவர் தராசுக்குப் பக்கத்தில் குந்தி, கோல் மட்டத்துக்கு வரும்வரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல என்ன நடக்குதெண்டு எனக்கும் தெரியுது தம்பி" என்றார். வேபிரிட்ஜில் இத்தனை காலமும் அவர் ஒன்றும் கேட்டதில்லை.

ஈரப்பதன் மீட்டர் பற்றரியில் ஓடினதால் 14 வீதத்தைப் பார்த்து எடுக்க முடிந்தது. எடையைத் துண்டில் எழுதிக் கொடுத்தோம். துண்டுகளை ஏற்றப் போனபோது மார்ச் 31உடன் வருசக் கணக்கை மூடிவிட்டார்கள். சிஸ்டம் பழைய திகதியை ஏற்கவில்லை. ஏப்ரலில் போடச் சொன்னார்கள்.

உப்புவெளி:
அப்போ அந்த நெல்லில் குத்தின அரிசி எந்த மாதத்தில் ஏறினது?

தம்பலகாமம் றோட்டு:
அங்கேதான் கூத்து. அரிசிக் கணக்கை நாங்கள் பின்னேரம் போனில் சொல்ல, கொழும்பில் இருந்தே ஏற்றுவார்கள். அதனால் அரிசி மார்ச்சில், நெல் ஏப்ரலில். 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி கிடைத்தாலே நல்லது என்போம். மார்ச் ரிப்போர்ட்டில் அது 80ஐத் தாண்டி நின்றது. உமியே ஐந்தில் ஒரு பங்கு போகும், தவிட்டை விடுங்கள். மற்றக் கிளைகளும் இவர்களைப் பார்த்துப் படிக்கட்டும் என்று மேலிடத்து ஆள் வாழ்த்து மெயில் அனுப்பினார். ஏப்ரல் ரிப்போர்ட் போனதும் அதே ஆள் விளக்கம் கேட்டு எழுதினார்.